திரும்பி வந்த வீரருக்கு ஒரு பண்ணை: ஆஸ்திரேலியப் படைவீரர் நிலக் குடியேற்றம், அடிப்படையிலிருந்து

640 ஏக்கர் என்றால் நம் பக்கம் ஒரு சிற்றூரின் புன்செய் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் பலருக்கு, விக்டோரியா மாநிலத்தின் வடமேற்கில் 'மாலி' எனப்படும் வறண்ட பகுதியில் ஏறத்தாழ அவ்வளவு நிலம் கிடைத்தது. அப்படியும் நிறையப் பேரால் அதில் காலூன்ற முடியவில்லை. அவர்கள் சோம்பேறிகள் அல்லர். அந்தப் பண்ணையின் கணக்கு முதல் நாளிலிருந்தே தப்பாக இருந்தது. அது எப்படித் தப்பாயிற்று, இரண்டாம் உலகப் போரின்போது அதைத் திருத்த என்ன செய்தார்கள் என்பதை இங்கே படிப்படியாகப் பார்க்கலாம்.

திட்டத்தின் அடிப்படை எளிமையானது. போரிலிருந்து திரும்பும் வீரருக்கு அரசு நிலம் கொடுக்கும். இனாமாக அல்ல, கடனாக. பெரிய பண்ணைகளை விலைக்கு வாங்கியோ, அரசுப் புறம்போக்கைத் திருத்தியோ துண்டு போட்டு, துண்டுக்கு ஒருவர் என்று குடியேற்றும். வீடு, வேலி, கால்நடை, கருவிகளுக்கு முன்பணமும் தரும். நிலத்தின் விலையையும் முன்பணத்தையும் வீரர் வட்டியோடு பல ஆண்டுத் தவணைகளில் கட்ட வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் இது போர் நடந்துகொண்டிருக்கும்போதே தொடங்கியது. தெற்கு ஆஸ்திரேலியா 1915-இலேயே சட்டம் போட்டுவிட்டது. 1916-இல் மத்திய அரசும் மாநிலங்களும் கூடி, பணத்தைக் கடனாகத் தருவது மத்திய அரசு, நிலத்தைப் பார்த்துக் கொடுத்து நிர்வகிப்பது மாநிலங்கள் என்று பிரித்துக்கொண்டன. ஏறக்குறைய 37,000 பேர் குடியேற்றப்பட்டார்கள். அவசரத்துக்குக் காரணங்கள் உண்டு. படைக்கு ஆள் சேர்க்க இந்த வாக்குறுதி உதவியது. வேலையில்லாத வீரர்கள் நகரங்களில் குவிந்துவிடுவார்கள் என்ற பயமும் இருந்தது. கோதுமையும் கம்பளியும் நல்ல விலைக்குப் போனதால், நிலம் கொடுத்தால் போதும், மற்றதெல்லாம் தானே நடந்துவிடும் என்றும் நம்பினார்கள்.

தட்டுப்பாட்டு விலையில் வாங்கி, மலிவு விலையில் கட்டுவது

போர்க்காலத்தில் தானியத்துக்குத் தட்டுப்பாடு. விலை ஏறும். தானிய விலை ஏறினால் நில விலையும் ஏறும். அந்த நேரத்தில் அரசே ஆயிரக்கணக்கான பண்ணைகளை வாங்க இறங்கினால் இன்னும் ஏறும். அந்த உச்ச விலைதான் வீரரின் பெயரில் கடனாக எழுதப்படுகிறது. சில ஆண்டுகளில் தட்டுப்பாடு தீர்ந்து தானிய விலை விழும். கடன் மட்டும் எழுதிய இடத்திலேயே நிற்கும்.

எண்களை வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். இது புரிதலுக்காகப் போட்ட மாதிரிக் கணக்கு. (ஒரு பவுண்டு 20 ஷில்லிங்.) 640 ஏக்கர் மாலி நிலம் முழுவதும் ஒரே ஆண்டில் கோதுமை விதைக்க முடியாது. மழை குறைவு என்பதால் மூன்றில் ஒரு பங்கில் பயிர், இன்னொரு பங்கை உழுது தரிசாக விட்டு ஈரம் சேமிப்பது, மீதி ஆட்டு மேய்ச்சல். ஆக, பயிர் 200 ஏக்கர்தான். ஏக்கருக்கு 10 புஷல் (தானிய அளவு; கோதுமையில் சுமார் 27 கிலோ) கிடைத்தால் 2,000 புஷல். மூட்டைக்கு மூன்று புஷல், அதாவது சுமார் 82 கிலோ. மொத்தம் 667 மூட்டை. 1920 வாக்கில் புஷல் 9 ஷில்லிங் அளவுக்குப் போனது. அந்த விலைக்கு வரவு 900 பவுண்டு. 1930-31-இல் 2 ஷில்லிங்குக்கும் கீழே போனது. 2 ஷில்லிங் என்றே வைத்தாலும் வரவு 200 பவுண்டு. கடன் 2,000 பவுண்டு, வட்டி 5 சதவீதம் என்றால் வட்டி மட்டும் 100 பவுண்டு. மீதி 100 பவுண்டில் விதை, உரம், சாக்கு, குதிரைத் தீவனம், குடும்பச் சாப்பாடு. அசலுக்கு எங்கே போவது?

சாக்கு என்று சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆஸ்திரேலியக் கோதுமை நிரம்பிய கோணிகள் கல்கத்தாச் சணல் ஆலைகளிலிருந்து கப்பலில் போனவை. கப்பல் வராவிட்டால் அறுவடை களத்தில் கிடக்கும். ரொக்கம் கொடுத்து ஆண்டுக்கு அறுநூற்றுச் சொச்சம் கோணி வாங்குவது ஒரு சிறு பண்ணைக்குப் பெரிய செலவு.

1929-இல் நீதிபதி பைக் இந்தத் திட்டத்தின் நட்டத்தை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். ஏறத்தாழ 2 கோடியே 35 லட்சம் பவுண்டு நட்டம். காரணங்கள் நான்கு என்றார்: கையில் முதல் இல்லாமை, ஒரு குடும்பம் பிழைக்கப் போதாத நிலப்பரப்பு, பண்ணை வேலைக்குப் பொருந்தாத ஆட்கள், விளைபொருள் விலை வீழ்ச்சி. நான்கில் ஒன்றுதான் வீரரின் குறை. அதிலும் நச்சுவாயுவால் நுரையீரல் கெட்டவரையும் குண்டுக் காயம் ஆறாதவரையும் புதர் வெட்டச் சொன்னது யார் என்ற கேள்வி இருக்கிறது.

'அகல உழுவதைவிட ஆழ உழு' என்ற நம் பழமொழி நீர்ப்பாசன நிலத்துக்குப் பொருந்தும். ஆண்டுக்கு 250 முதல் 330 மில்லிமீட்டர் மழை பெய்யும் வானம் பார்த்த பூமியில் அகலம்தான் உயிர். மழை பொய்க்கும் ஆண்டைத் தாங்குவதற்கு உபரி நிலம் வேண்டும். அதிகம் பேருக்குக் கொடுக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் துண்டுகளைச் சிறிதாக்கினார்கள். அந்த நல்லெண்ணமே பலரைக் கவிழ்த்தது.

திராட்சைத் தோட்டம்: கொஞ்சம் தேறிய இடம்

எல்லாமே தோல்வி அல்ல. அதே மாலிப் பகுதியில், மில்டூரா நகருக்கு அருகே ரெட் கிளிஃப்ஸ் என்ற இடத்தில் 1920 முதல் ஏறத்தாழ 700 துண்டுகள் பிரித்துக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றும் சுமார் 15, 16 ஏக்கர்தான். ஆனால் மரே ஆற்றிலிருந்து இறைத்த பாசன நீர் உண்டு. மாலிப் புதரைப் பிடுங்க 'பிக் லிஸ்ஸி' என்ற 45 டன் இழுவை இயந்திரம் வந்தது. 60 குதிரைத் திறன், ஒற்றைச் சிலிண்டர் எண்ணெய் எஞ்சின். மனிதன் நடக்கும் வேகம்கூட வராது. ஆனாலும் வேரோடு இழுத்துப் போட்டுவிடும்.

சுல்தானா திராட்சை நட்டால் மூன்றாம் ஆண்டுதான் முதல் காய்ப்பு. நிறை காய்ப்புக்கு இன்னும் இரண்டு ஆண்டு. அதுவரை வருமானம் இல்லை, வட்டி மட்டும் ஓடும். அறுத்த குலைகளைப் பொட்டாசியம் கார்பனேட்டும் எண்ணெயும் கலந்த நீரில் முக்கி எடுப்பார்கள். தோலின் மேலுள்ள மெழுகுப் பூச்சு விரிந்து ஈரம் வேகமாக வெளியேறும். பிறகு தகரக் கூரையின் கீழ் அடுக்கடுக்காகக் கட்டிய கம்பிவலைப் பரண்களில் பரப்பி, 10 நாள் முதல் இரண்டு வாரம் வரை காய விடுவார்கள். நான்கு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ உலர் திராட்சை தேறும். பிப்ரவரி, மார்ச்சில் திடீர் மழை பெய்தால் பரணிலேயே பூஞ்சை பிடிக்கும். கம்பிவலையும் தகரமும் இல்லாவிட்டால் காய வைக்கவே முடியாது. தட்டுப்பாட்டுக் காலத்தில் முதலில் மறைவது இந்த இரண்டும்தான்.

1920-களின் முற்பகுதியிலேயே உலர் திராட்சை விலையும் சரிந்தது. ஒரே நேரத்தில் எல்லாரும் ஒரே பயிரை நட்டால் ஒரே நேரத்தில் எல்லாம் சந்தைக்கு வரும். பாசன நீர் கீழே வடியாமல் தேங்கி உப்பு மேலேறிய துண்டுகளில் வடிகால் குழாய் புதைக்கும் வேலையும் சேர்ந்துகொண்டது. இவ்வளவுக்கும் தாக்குப்பிடித்தவர்கள் உண்டு. நீர் உறுதியாக இருந்ததும், அக்கம்பக்கம் எல்லாரும் அதே நிலையில் இருந்ததும் அவர்களைத் தாங்கின. குவீன்ஸ்லாந்தின் பீர்பரம் பகுதி அன்னாசித் தோட்டங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வளமற்ற மண், சந்தையில் பழக் குவியல். 1920-களின் முடிவுக்குள் அது கலைந்துபோனது.

இரண்டாம் போர்: பொருள் இல்லாத பண்ணை

1943-இல் ஊரக மறுசீரமைப்பு ஆணையம் ஒன்றை அரசு அமைத்தது. அதன் இரண்டாவது அறிக்கை, 1944-இல் வந்தது, முழுக்க முழுக்கத் திரும்பும் வீரர்களை நிலத்தில் அமர்த்துவது பற்றியது. அப்போதைய நிலைமையைத் தெரிந்துகொண்டால்தான் அந்தச் சிந்தனையின் அருமை புரியும்.

ஆஸ்திரேலிய மண்ணில் மணிச்சத்து மிகக் குறைவு. 'சூப்பர்' என்று விவசாயிகள் சுருக்கிச் சொல்லும் சூப்பர் பாஸ்பேட் இல்லாமல் கோதுமையும் சரியாக வராது, மேய்ச்சல் நிலத்தில் குளோவர் என்ற பயறுவகைத் தீவனமும் வராது. அதற்கான பாறை பசிபிக்கின் நவ்ரு, ஓஷன் தீவுகளிலிருந்து வந்தது. 1940 டிசம்பரில் ஜெர்மன் போர்க்கப்பல் நவ்ருவின் ஏற்றுமதித் துறையைச் சுட்டுச் சிதைத்தது. 1942 ஆகஸ்டில் ஜப்பான் இரண்டு தீவுகளையும் பிடித்தது. சூப்பர் பங்கீட்டுக்கு வந்தது. நம் மாதிரிப் பண்ணையில் ஏக்கருக்கு 25 கிலோ என்று போட்டாலும் 200 ஏக்கருக்கு 5 டன் தேவை. பங்கீட்டில் ஒரு நுணுக்கம் உண்டு. முன்பு வாங்கிய அளவைப் பார்த்துப் பங்கு கொடுத்தால், புதுப் பண்ணைக்கு 'முன்பு' என்பதே கிடையாது. வாங்கிய ரசீது இல்லாதவர் கடைசி வரிசைக்குப் போவார்.

அடுத்தது வேலி. முயல்தான் அங்கே பெரிய எதிரி. முயல்வலைக்கு ஒரு வழக்கமான அளவு உண்டு: 42 அங்குல அகலம், ஒன்றேகால் அங்குலக் கண். கீழ்ப்பகுதியில் ஆறு அங்குலத்தை மண்ணில் புதைக்க வேண்டும். புதைக்காவிட்டால் முயல் பறித்து உள்ளே வந்துவிடும். சதுரமான 640 ஏக்கரின் சுற்றளவு 4 மைல், அதாவது 7,040 கஜம். 100 கஜச் சுருள் 71 வேண்டும். 15 அடிக்கு ஒரு கம்பம் என்றால் 1,408 கம்பம். எல்லை வேலிச் செலவைப் பக்கத்து நிலக்காரரோடு பகிர்ந்துகொள்வது வழக்கம். பக்கத்து நிலக்காரரும் கையில் காசில்லாத புதுக் குடியேறியாக இருந்தால் என்ன பகிர்வது? சுற்று வேலி முழுமையாகாமல் விதைத்தவர் முயலுக்காக விதைத்தார். நான்கு பக்கத்தில் மூன்று அடைத்தாலும் ஒன்றும் அடைக்காததற்குச் சமம்.

தகரமும் இல்லை. தகரக் கூரை வெயிலுக்கும் மழைக்கும் மறைப்பு மட்டுமல்ல, குடிநீரே அதன் மேல் விழும் மழைதான். கூரையிலிருந்து தொட்டிக்கு, தொட்டியிலிருந்து அடுப்படிக்கு. கூரை போடாத வீட்டில் குடிநீரும் இல்லை. பெட்ரோல் 1940 முதல் பங்கீட்டில் இருந்தது. பெட்ரோலுக்குப் பதிலாக, கரியை எரித்து வாயு தரும் அடுப்பைக் கட்டிக்கொண்டு டிராக்டர்கள் ஓடின. ஆள் தட்டுப்பாட்டை, பண்ணை வேலைக்கெனத் திரட்டிய பெண்கள் நிலப்படையும், 1943 முதல் பண்ணைகளுக்கு அனுப்பப்பட்ட இத்தாலியப் போர்க்கைதிகளும் ஓரளவு ஈடுகட்டினார்கள்.

இந்த நிலைமையில் வீரரை வெறும் நிலத்தில் இறக்கிவிட்டால் என்ன ஆகும் என்று முதல் போரின் அனுபவம் சொல்லியிருந்தது. அதனால் வரிசையைத் தலைகீழாக்கினார்கள். 1945-இல் மத்திய அரசும் மாநிலங்களும் செய்த உடன்பாட்டின் சாரம் இதுதான்.

முதலில் நிலத்தைச் சோதிப்பது. மண், மழை, நீர், சந்தை பார்த்து, தேர்ந்த விவசாயி ஒருவர் அதில் நியாயமாகப் பிழைக்க முடியுமா என்று கணக்கிட்ட பிறகே துண்டு போடுவது. அடுத்து ஆளைச் சோதிப்பது. விண்ணப்பித்தவரின் பண்ணை அனுபவத்தைக் குழு ஒன்று விசாரிக்கும். போதாதென்றால் பயிற்சிக்கு அனுப்பும். கையில் பணம் இல்லை என்பதற்காக மட்டும் யாரையும் தள்ளக் கூடாது என்று வைத்தார்கள். தகுதி பெற்றவர்கள் நிலத்தைவிட அதிகமாக இருந்தால் குலுக்கல். அதற்குள் அரசே புதர் நீக்கி, வேலி போட்டு, நீருக்கு வழி செய்து, பண்ணையை விளைச்சல் தரும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். உள்ளே வந்த முதல் ஆண்டில் வாடகையும் வட்டியும் இல்லை, குடும்பத்துக்குப் பிழைப்பூதியமும் உண்டு. தெற்கு ஆஸ்திரேலியா, மேற்கு ஆஸ்திரேலியா, டாஸ்மேனியா மாநிலங்களில் மத்திய அரசே செலவை ஏற்றது. அங்கே நிலம் பொதுவாக நிரந்தரக் குத்தகையாகக் கொடுக்கப்பட்டது.

இதில் மிக முக்கியமான திருத்தம் விலையைப் பற்றியது. ஒரு பண்ணையை உருவாக்க அரசுக்கு ஆன செலவு ஒன்று, அந்தப் பண்ணை நீண்டகால விலையில் ஈட்டித் தரக்கூடிய மதிப்பு இன்னொன்று. முதல் போரில் செலவு முழுவதையும் வீரர் தலையில் எழுதினார்கள். இந்த முறை மதிப்புக்கு மேல் ஆன செலவை, தொடக்கத்திலேயே அரசின் நட்டம் என்று ஒதுக்கினார்கள். பத்தாண்டு கழித்து, வீரரை நொடித்துப்போக வைத்துவிட்டுத் தள்ளுபடி செய்வதைவிட இது நேர்மையானது.

காத்திருப்பு மட்டும் கொடுமையாக இருந்தது. குலுக்கலில் பெயர் வராமல் ஆண்டுக்கணக்காக நின்றவர்கள் பலர். கம்பி, சிமென்ட், தகரம் வராமல் வீடுகள் தாமதமாயின. குடும்பங்கள் கொட்டகையில் சமைத்தன. குடியேறியவர்கள் மொத்தம் சுமார் 12,000 பேர்; முதல் திட்டத்தின் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் நிலத்தில் நிலைத்து நின்றவர்களின் விகிதம் அதிகம். குறைவாகக் கொடுத்ததற்காக அப்போது அரசைத் திட்டியவர்களின் கோபம் நியாயமானது, குறைவாகக் கொடுத்ததும் சரி.

மண்ணுக்குள் இல்லாத கிராம் கணக்கு

தெற்கு ஆஸ்திரேலியாவின் கங்காரு தீவில் மழை போதுமான அளவு உண்டு. ஆனால் கடலோர மேய்ச்சலில் ஆடுகள் வயிறு நிறையத் தின்றும் மெலிந்து, சோகை பிடித்துச் செத்தன. 'கடற்கரை நோய்' என்று பெயர் வைத்திருந்தார்கள். 1930-களில் ஆராய்ச்சியாளர்கள் காரணம் கண்டார்கள்: மண்ணில் கோபால்ட்டும் தாமிரமும் இல்லை. ஆட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் வைட்டமின் பி12 தயாரிக்கக் கோபால்ட் வேண்டும். தேவைப்படுவது மிக நுண்ணிய அளவு. இந்த அறிவு கிடைத்த பிறகுதான், போருக்குப் பின் பர்ன்டானாவைச் சுற்றி வீரர்களைக் குடியேற்ற முடிந்தது. சூப்பரோடு தாமிரம் முதலியவற்றைக் கலந்து போட்டு, குளோவர் விதைத்து, புதர்க்காட்டை மேய்ச்சலாக்கினார்கள்.

அங்கேயும் ஒரு சிக்கல் வந்தது. சிலவகைக் குளோவரில் பெண்மை இயக்குநீரைப் போன்ற பொருள் இருக்கிறது. அதை மேய்ந்த பெட்டையாடுகள் சினை பிடிக்காமல் போகும். மேற்கு ஆஸ்திரேலியாவில் 1940-களில் இதைக் கண்டறிந்தார்கள். பச்சைப் பசேல் என்ற மேய்ச்சல், கொழுத்த ஆடு, குட்டி மட்டும் இல்லை. வகையை மாற்றி விதைப்பதுதான் வழி.

யாருடைய நிலம், யாருக்கு

நில விலை ஏறாமல் இருக்க, போர்க்காலத்தில் அரசு 1942 பிப்ரவரி 10 அன்றைய மதிப்பில் விலையைக் கட்டிவைத்தது. போர் முடிந்த பிறகும், மத்திய அரசோடு செய்த உடன்பாட்டின்படி அதே விலைக்குப் பெரிய பண்ணைகளை எடுத்துக்கொள்ள நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் முயன்றபோது நிலக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1949-இல் மேகனிஸ் வழக்கில் நாட்டின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றம் அந்த ஈடு நியாயமானது அல்ல என்று தீர்ப்பளித்தது. அரசமைப்பின்படி மத்திய அரசு நியாயமான ஈடு தந்தே சொத்தை எடுக்க முடியும். மாநில அரசுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. எனவே மத்திய அரசு விலகிக்கொள்ள, மாநிலம் தனியே நடத்தியது. 1951-இல் நீதிமன்றம் அதை ஏற்றது. பழைய விலையில் எடுத்தால் நிலக்காரருக்கு இழப்பு, புதிய விலையில் எடுத்தால் வீரருக்குக் கடன். இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைப் பொதுப் பணத்திலிருந்து கொடுத்திருக்க வேண்டும் என்பதே சரியாகப் படுகிறது.

இதைவிட ஆறாத ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளும் இரண்டு போர்களிலும் படையில் இருந்தார்கள். அவர்களில் நிலம் பெற்றவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். இரண்டாம் போருக்குப் பின் விக்டோரியாவில் கோரண்டர்க் என்ற பூர்வகுடி ஒதுக்கிடத்தின் பெரும்பகுதியே வெள்ளை வீரர்களுக்காகத் துண்டு போடப்பட்டது. அங்கே பிறந்து, போருக்குப் போய்த் திரும்பியவருக்குத் தன் ஊர் நிலத்தில் பங்கில்லை.

கனடா 1942-இலேயே, போரின் நடுவில், தன் வீரர் நிலச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வேலைக்குப் போய்க்கொண்டே நகருக்கு அருகில் சிறு நிலம் வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கும் அது இடம் கொடுத்தது. எல்லாரையும் முழுநேர விவசாயி ஆக்க வேண்டியதில்லை என்று உணர்ந்தது நல்ல முன்னேற்றம். நம் பக்கமும் ஒரு கிளை உண்டு: அன்றைய சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த வயநாட்டில், இரண்டாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்காகக் குடியேற்றத் திட்டம் போட்டார்கள். மலேரியாவுக்குப் பேர்போன காடு அது. எந்தப் பயிர் வரும் என்று சோதிக்க 1946-இல் அம்பலவயலில் தொடங்கிய வேளாண் நிலையம் இன்றும் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது.

ஆஸ்திரேலியாவின் இரண்டாம் திட்டம் தேறியதற்குத் திட்டமிடல் மட்டும் காரணமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கொரியப் போர் வந்து 1950-51-இல் கம்பளியின் சராசரி விலை எடைப் பவுண்டுக்கு 144 பென்ஸ் ஆனது (240 பென்ஸ் ஒரு பவுண்டுக் காசு). உயர்ந்த ரகம் எடைப் பவுண்டுக்கு ஒரு பவுண்டுக் காசையே தொட்டது. அதற்கு ஓரிரு ஆண்டுகள் முன்பு ஆட்டுப் பண்ணையில் குடியேறியவர்கள் ஒரே கத்தரிப்பில் கடனின் பெரும்பகுதியை அடைத்தார்கள். அதே கோடையில் மரே ஆற்றங்கரையில் விட்ட மிக்சோமா வைரஸ் கொசு வழியே பரவி முயல்களைக் கோடிக்கணக்கில் கொன்றது. வேலி முடிக்கக் கம்பிவலைச் சுருளுக்குக் காத்திருந்தவர்களின் வயலில், வலை வருவதற்கு முன்பே பயிர் தலையெடுத்தது.